கண்காணியும் சட்டாம்பிள்ளையும்

ஒரு சொல் இரண்டு பொருளைத் தாங்கி நிற்குமானால் அதனைச் சொல்வளம் எனப் பாராட்டுவாரும் உளர். சொற்பஞ்சம் எனக் குறை கூறுவாரும் உளர். இரண்டு பொருளும் ஒன்றோடொன்று மோதாத வரையில் இவ்வழக்கால் தீங்கொன்றும் இல்லை. ஒரு பொருளின் நற்பெயரை மற்றொரு பொருள் தனக்குப் போர்வையாக்கிக் கொள்ளும்பொழுதுதான் தீங்கு விளைகின்றது. ‘கண்காணிப்பு’ என்னும் சொல் இன்று அந்நிலையில் நிற்கின்றது.

மருத்துவமனையில் தாதியர் நோயாளியின் நாடியையும் மூச்சையும் நேரந்தோறும் குறித்து வைப்பதைக் கண்காணிப்பு என்கிறோம். ஐயத்துக்குரிய ஒருவனைக் காவலர் மாற்றுடையில் பின்தொடர்ந்து செல்வதையும் கண்காணிப்பு என்கிறோம். முன்னதில் பார்க்கப்படுபவன் நலம் பெறுகின்றான். பின்னதில் பார்ப்பவன் பயன் பெறுகின்றான். பள்ளிகளில் கணினிகளும் கைக்கணினிகளும் பெருகிவிட்ட இக்காலத்தில், ‘வலையமைப்பிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் கண்காணிப்பு ஏற்படுத்துக’ என்னும் அறிவுரை பயிற்சிக் கூடங்களிலும் விற்பனையாளர் பேச்சிலும் அடிக்கடி காதில் விழுகின்றது. எந்தக் கண்காணிப்பு என்று கேட்பார் இல்லை. அவ்வினாவை எழுப்பி விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம். சொல்லாராய்ச்சி நமக்கு உரியது, கணினி பிறர்க்கு உரியது என்று தமிழாசிரியர் ஒதுங்கி நிற்றல் கூடாது. பொருள் மயங்கிய சொல் வகுப்பறைக்குள் புகுந்துவிட்டால் அதன் விளைவைச் சுமக்கப் போகிறவர்கள் நம் மாணவர்களே.

கங்காணி

கண் என்பதும் காண் என்பதும் கூடிப் பிறந்தது கண்காணி. சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயிற் காரியங்களை மேற்பார்த்தவர் இப்பெயரால் குறிக்கப்பெறுகின்றனர். அச்சொல்லே கடல் கடந்து இலங்கைக்கும் மலாயாவுக்கும் வந்து ‘கங்காணி’ என மருவிற்று. ஆங்கில அகராதியிலும் இடம் பிடித்தது.

மலாயாத் தோட்டங்களில் கங்காணி யார் என்பதை இவ்வேட்டின் வாசகர்களுக்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி, பயிற்சியில்லாத தொழிலாளர் உதவி பெற்றுக் குடியேறுவதை 1938-ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் தடை செய்தது வரையில், தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து ஆள் திரட்டி வந்தவர் அவர். வந்த பிறகு அவர்களை வேலை வாங்கியவரும் அவரே. விடியுமுன் பெரட்டுக்களத்தில் தலைகளை எண்ணுவார். கிராணி செக்ரோலில் பெயர் பதிவார். எத்தனை பேர் அன்று வேலைக்கு இறங்கினார்களோ அத்தனைக்குக் கங்காணிக்குத் ‘தலைக்காசு’ கிடைத்தது. கங்காணியருள் நல்லுள்ளம் படைத்தோரும் இருந்தனர். நோயுற்றவனைத் தோட்டத்து மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றோரும், கோயிலுக்கும் பள்ளிக்கும் முன்னின்றோரும் இருந்தனர். எனினும் ஏற்பாட்டின் அமைப்பை நாம் நோக்க வேண்டும். எண்ணுகின்ற கண்ணுக்குத் தலைக்கணக்கில் கூலி கிடைக்குமானால் அக்கண் முகத்தைப் பார்ப்பது அரிது. காய்ச்சலோடு வந்தவனும் அந்தக் கணக்கில் ஒரு தலைதான்.

சட்டாம்பிள்ளை

இனி, மற்றொரு மரபைக் காண்போம். திண்ணைப் பள்ளியில் ஆசிரியர் ஒருவரே, மாணவரோ பலர். மூத்த மாணவன் ஒருவன் சட்டாம்பிள்ளையாக இருந்து இளையவர்க்குப் பாடம் சொல்லிக் கொடுப்பான், ஒழுங்கையும் பார்த்துக்கொள்வான். ஆசிரியப் பயிற்சி பெற்றோர் அனைவரும் கல்வி வரலாற்றில் ‘சென்னை முறை’ என ஒன்று பயின்றிருப்பர். ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லமொன்றை நடத்தியபொழுது, நாட்டுப் பள்ளிச் சிறுவர் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டார். அதனைத் தம் பள்ளியிலும் புகுத்தி, மாணவரைக் கொண்டே மாணவர்க்குக் கற்பிக்கும் முறையை வளர்த்தார். 1797-இல் அதனைப் பற்றி இலண்டனில் நூல் வெளியிட்டார். அதே காலத்தில் இலண்டனில் ஜோசப் லங்காஸ்டர் என்பாரும் இத்தகைய முறையைப் பரப்பினார். இவ்வாறு கற்பித்த மாணவனுக்கு ஆங்கிலத்தில் வழங்கிய பெயர் ‘மானிட்டர்’ என்பதாகும்.

‘மானிட்டர்’ என்பதற்கு இலத்தீன் மொழியில் வேர்ச்சொல் ‘மோனேரே’. அதன் பொருள் நினைவூட்டுதல், எச்சரித்தல், அறிவுரை கூறுதல் என்பனவாம். ஒளிந்து பார்த்தல் என்னும் பொருள் அவ்வேரில் இல்லை. ஆகவே ஆங்கிலத்தில் ‘மானிட்டரிங்’ எனப்படுவதன் பழைய உறவினன் சட்டாம்பிள்ளை. நாம் அதனைத் தமிழாக்கியபொழுது கண்காணியின் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டோம். ஆங்கிலத்தார் வேவு பார்த்தலுக்கு ‘சர்வேலன்ஸ்’ என வேறொரு சொல் வைத்துள்ளனர். அதற்கும் நாம் கண்காணிப்பு என்றே பெயரிட்டோம். இரண்டும் ஒரே கூரையின்கீழ் குடியிருக்கின்றன.

மலாய் மொழியைப் பாருங்கள். ‘பெமந்தாவான்’ என்பது நிலைமையை அவ்வப்போது பார்த்து அறிதல். ‘பெஙாவாசான்’ என்பது மேற்பார்வை, காவல். இரண்டாவதன் அடிச்சொல் ‘அவாஸ்’; சாலையோரப் பலகைகளில் எச்சரிக்கையாக நாம் நாள்தோறும் காணும் அதே சொல். பள்ளியில் ஒழுங்கு பார்க்கும் மாணவர் தலைவனை ‘பெஙாவாஸ்’ என்கிறோம். அண்டை மொழி வேறுபடுத்தி வைத்திருக்கும் ஒன்றை, சொல்வளத்தில் யாருக்கும் இளையாத தமிழ் வேறுபடுத்தாமல் விடுவது முறையோ?

கருவியின் நலம் கேட்டல்

சொல்லை இவ்வளவில் நிறுத்திப் பொருளுக்கு வருவோம். வலையமைப்பிலுள்ள கருவிகளைத் தனித்தனியே பார்த்துக்கொள்ளும் வேலை எவ்வாறு நடைபெறுகின்றது என்பதை அறிந்தாலன்றி அதனைத் திறனாய இயலாது.

முதல் வேலை, செக்ரோல் எழுதுதல். எத்தனைக் கணினிகள், எத்தனை அச்சுப்பொறிகள், எந்த அறையில், எந்த முகவரியில் என்பதைப் பட்டியலிட வேண்டும். ஒவ்வொரு கருவியின் வலைச்செருகிக்கும் பிறப்படையாளம் போன்றதோர் எண் உண்டு. முன்பெல்லாம் அவ்வெண்ணைக் கொண்டே கருவியை இன்னதெனச் சொல்லிவிடலாம். 2019-இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு பத்தாம் பதிப்பும், 2020-இல் வெளிவந்த ஐ.ஓ.எஸ். பதினான்காம் பதிப்பும் இவ்வெண்ணை மறைத்து வலையமைப்புக்குப் புனைபெயர் எண் ஒன்றைக் காட்டும் வழக்கத்தைக் கொண்டுவந்தன. கருவியைச் செய்வோரே, எதிர்ப்படும் வலையமைப்புகள் அனைத்தும் அதன் உண்மைப் பெயரை அறியலாகாது எனக் கருதத் தொடங்கிவிட்டனர் என்பது கருதத்தக்கது.

இரண்டாவது வேலை, ‘இருக்கின்றாயா?’ எனக் கேட்டல். இதற்குப் பயன்படும் ‘பிங்’ என்னும் சிறு நிரலை மைக் மூஸ் என்பார் 1983 டிசம்பரில் எழுதினார். கடலுக்கடியில் ஒலியெழுப்பி எதிரொலி கேட்கும் கருவியின் ஓசையே அதற்குப் பெயராயிற்று. விடை வந்தால் கருவி இருக்கின்றது. வராவிட்டால் கருவி பழுதாயிற்று எனக் கொள்ளலாமோ? கொள்ளலாகாது. மின்விசை நிறுத்தப்பட்டிருக்கலாம், இடையிலுள்ள கம்பி அறுந்திருக்கலாம், கணினியின் காவற்சுவர் அக்கேள்வியை உள்ளே விடாமல் தடுத்திருக்கலாம். பெரட்டுக்களத்துக்கு வராதவன் சோம்பேறி என எழுதிய காலத்தை இது நினைவூட்டுகின்றது.

மூன்றாவது வேலை, நலம் கேட்டல். 1988-ஆம் ஆண்டு முதல் ‘எஸ்.என்.எம்.பி.’ என்னும் எளிய மேலாண்மை நெறி இதற்கு வழங்கி வருகின்றது. மையக் கணினி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு கருவியிடமும், ‘உன் நினைவகம் எவ்வளவு நிரம்பியுள்ளது? எத்தனை எழுத்துகள் வந்தன, சென்றன? மை உள்ளதா?’ எனக் கேட்டுக் குறித்துக்கொள்ளும். இங்கும் ஓர் எச்சரிக்கை வேண்டும். பழைய கருவிகளில் போக்குவரத்தை எண்ணும் எண்ணி 32 துணுக்கு அகலம் உடையது. 429 கோடியைச் சற்றுக் கடந்தவுடன் சுழியத்துக்குத் திரும்பிவிடும். நொடிக்கு 10 கோடித் துணுக்கு செல்லும் கம்பி முழுவேகத்தில் ஓடினால் 5.7 நிமிடத்தில் எண்ணி ஒரு சுற்றுச் சுற்றிவிடும். 100 கோடித் துணுக்கு செல்லும் கம்பியிலோ 34 நொடியில் சுற்றிவிடும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்ப்பவன் இடையில் எத்தனை சுற்று நடந்ததென்று அறியான். பொய்க் கணக்கை மெய்யென்று எழுதிவைப்பான். இதனால்தான் 64 துணுக்கு எண்ணிகள் வந்தன. எண் என்பதனாலேயே உண்மை ஆகிவிடாது என்பதற்கு இஃதொரு சான்று.

நான்காவது வேலை, எச்சரித்தல். ஓர் இணைப்புப் பெட்டி செயலிழந்தால் அதன் பின்னாலுள்ள முப்பது கணினிகளும் விடையளிக்கமாட்டா. முறை தெரியாமல் அமைத்த ஏற்பாட்டில் முப்பத்தோர் எச்சரிக்கை வரும். பார்ப்பவன் சலித்து அடுத்த நாள் பார்ப்பதையே நிறுத்திவிடுவான். நல்ல ஏற்பாட்டில் எது எதனைச் சார்ந்துள்ளது என்பதை முன்கூட்டியே எழுதி வைப்பார்கள். ஓர் எச்சரிக்கையே வரும். ஒருமுறை விடை வராததைக் கொண்டு கூச்சலிடாமல், மூன்று முறை கேட்டுப் பார்த்த பின்னரே எச்சரிக்கும்படியும் அமைப்பார்கள். திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரத்தைக் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இது புதிதன்று. ஓர் ஒற்றன் கொண்டுவந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்க வேண்டும் என்பதும், மூவர் கூற்று ஒத்தபொழுது தெளியலாம் என்பதும் வள்ளுவர் அங்கே கூறிய கருத்துகளாகும்.

இவ்வகை நலமறிதல் எவ்வளவு பயன் தரும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. தோட்டப்புறப் பள்ளியொன்றின் கணினி அறையில் காலை ஒன்பதரை மணியளவில் ஒரே வரிசையிலுள்ள ஆறு கணினிகள் இணைப்பை இழந்து, சற்று நேரத்தில் மீண்டு வந்தன. நாள்தோறும் இதே கதை. அவ்வேளையில் அங்கே அமரும் ஆறாம் ஆண்டுப் பையன்கள் கம்பியை இழுத்து விளையாடுகிறார்கள் என்ற பேச்சு எழுந்தது. நலப் பதிவை எடுத்துப் பார்த்தபொழுது, பள்ளி விடுமுறை நாளிலும் ஒரு முறை அவ்வாறே நேர்ந்திருந்தது. ஆறு கணினிகளும் ஒரே நொடியில் மறைந்திருந்தன. அன்று பிற்பகல் கூட்டத்துக்காகச் சிற்றுண்டிச் சாலை திறந்திருந்தது. இணைப்புப் பெட்டிக்கு மின்விசை செல்லும் அதே கிளையில்தான் சிற்றுண்டிச் சாலையின் வெந்நீர்க் கொதிகலனும் செருகப்பட்டிருந்தது. மாணவர் மீதிருந்த பழி நீங்கிற்று. யாருடைய திரையையும் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. யாருடைய பெயரும் பதிவில் இல்லை. கருவியின் நலத்தை மட்டும் கேட்டறிந்த பதிவு, குழந்தைகளின் நேர்மைக்குச் சாட்சி சொல்லிற்று. இதுவே சட்டாம்பிள்ளையின் மரபு.

கேட்கும் உரிமையும் ஆணையிடும் உரிமையும்

எஸ்.என்.எம்.பி. நெறியில் நாம் ஊன்றிப் பார்க்கவேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. அதில் இரண்டு திறவுச்சொற்கள் உள்ளன. ஒன்று படிக்கும் உரிமை தருவது. மற்றொன்று மாற்றும் உரிமை தருவது. முன்னதைக் கொண்டு கருவியின் நிலையைக் கேட்கலாம். பின்னதைக் கொண்டு கருவியை மாற்றியமைக்கலாம். ஒரு வாயிலை மூடவும் செய்யலாம். பழங்கருவிகள் பலவற்றில் முன்னதற்கு ‘பப்ளிக்’ என்றும் பின்னதற்கு ‘பிரைவேட்’ என்றும் ஆலையிலேயே பெயரிட்டு அனுப்பினர். அவற்றை மாற்றாமல் விட்டவர் பலர். வீட்டைப் பூட்டிச் சாவியைப் பூட்டிலேயே தொங்கவிட்டாற்போல. முதலிரு பதிப்புகளில் இத்திறவுச்சொற்கள் மறைப்பின்றி வெளிப்படையாகவே கம்பியில் சென்றன. 2002-இல் நிலைபெற்ற மூன்றாம் பதிப்பில்தான் மறையாக்கம் வந்தது. குறை பல இருப்பினும், கேட்பது வேறு, ஆள்வது வேறு என்னும் தெளிவு அந்நெறியை வகுத்தோரிடம் இருந்தது.

இன்று பள்ளிக் கைக்கணினிகளில் பொருத்தப்படும் ‘கருவி மேலாண்மைச் செயலி’யில் இத்தெளிவு மங்குகின்றது. ஒரே செயலி கருவியின் நலத்தைக் கேட்கும், செல்லும் பக்கங்களைத் தடுக்கும், ஆசிரியரின் மேசைக்கு மாணவரின் திரையைக் கொண்டுவரும், கருவியைப் பூட்டும், வேண்டினால் தொலைவிலிருந்தே அதிலுள்ள அனைத்தையும் அழிக்கும். கண்ணோடு கையையும் ஒட்டிவைத்துவிட்டு, எல்லாவற்றுக்கும் கண்காணிப்பு என ஒரே பெயர் சூட்டிவிட்டார்கள். இதனால் விளைந்த தீங்கு கற்பனையன்று. இரண்டு நிகழ்ச்சிகளைக் காண்போம்.

ஒன்று அமெரிக்காவில் நிகழ்ந்தது. பென்சில்வேனியா மாநிலத்தில் லோவர் மேரியன் பள்ளி வட்டாரம் உயர்நிலை மாணவர்க்கு மடிக்கணினி வழங்கியது. களவுபோனால் கண்டுபிடிக்க வேண்டும் என்னும் நோக்கத்தில், தொலைவிலிருந்து கணினியின் படக்கண்ணைத் திறந்து படமெடுக்கும் வசதி அவற்றில் இருந்தது. மாணவர்க்கும் பெற்றோர்க்கும் அது தெரிவிக்கப்படவில்லை. 2009 நவம்பரில் ஒரு மாணவனை அழைத்து, அவன் தன் வீட்டில் தகாத செயல் செய்ததாகப் பள்ளி அதிகாரி ஒருவர் வினவினார். படமொன்று அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டதாக வழக்கில் கூறப்பட்டது. 2010 பிப்ரவரியில் வழக்குத் தொடரப்பட்டது. ஆராய்ந்தபொழுது, மாணவரையும் அவர்தம் திரைகளையும் காட்டும் படங்கள் 50,000-க்கும் மேல் சேர்ந்திருந்தமை வெளிப்பட்டது. சில கணினிகள் திரும்பக் கிடைத்த பின்னரும் படமெடுப்பது நிறுத்தப்படவில்லை. அவ்வாண்டு அக்டோபரில் 6,10,000 டாலர் கொடுத்து வழக்கு முடித்துக்கொள்ளப்பட்டது. களவைத் தேடிய கண், குழந்தையின் படுக்கையறையில் சென்று நின்றது.

மற்றொன்று நமக்கு அருகில் நிகழ்ந்தது. சிங்கப்பூரில் உயர்நிலைப்பள்ளி மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரு கற்றல் கருவி என்னும் திட்டம் 2021-க்குள் நிறைவேற்றப்பட்டது. கருவி மேலாண்மைச் செயலியைப் பொருத்துவது கட்டாயமாயிற்று. மாணவர் சிலர் அதனை எதிர்த்து அவ்வாண்டுத் தொடக்கத்தில் கையெழுத்துத் திரட்டினர்; கல்வியமைச்சு, செயலியின் நோக்கம் கற்றலுக்கு உதவுவதே என விளக்கமளித்தது. ஐபேட், குரோம்புக் கருவிகளுக்கு ‘மொபைல் கார்டியன்’ என்னும் நிறுவனத்தின் செயலி பயன்பட்டது. 2024 ஏப்ரலில் அந்நிறுவனத்தின் மேலாண்மைத் தளத்திலிருந்து 127 பள்ளிகளைச் சேர்ந்த பெற்றோர், பள்ளிப் பணியாளர் ஆகியோரின் பெயர்களும் மின்னஞ்சல் முகவரிகளும் கசிந்தமை அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்ட் 4-ஆம் நாள் அந்நிறுவனத்தின் தளத்தில் யாரோ அத்துமீறிப் புகுந்தனர். அதன் விளைவாக, 26 உயர்நிலைப்பள்ளிகளைச் சேர்ந்த சுமார் 13,000 மாணவரின் கருவிகள் தொலைவிலிருந்தே துடைத்தழிக்கப்பட்டன. ஆண்டிறுதித் தேர்வுகள் நெருங்கிவரும் வேளையில் பாடக்குறிப்புகளை இழந்தோர் பட்ட பாட்டை ஆசிரியராயினார் எளிதில் உணர்வர். கல்வியமைச்சு அச்செயலியை எல்லா மாணவர் கருவிகளிலிருந்தும் நீக்கியது.

இவ்விரண்டு நிகழ்ச்சிகளையும் ஒருங்கே வைத்து நோக்குக. லோவர் மேரியனில் கண் எல்லை மீறியது. சிங்கப்பூரில் நிகழ்ந்ததோ வேறு. அங்கே ஆசிரியர் யாரும் வரம்பு மீறவில்லை. அமைச்சும் தீய நோக்கம் கொள்ளவில்லை. கருவிகளைத் துடைக்கும் ஆற்றல் ஒரே இடத்தில் குவிந்து கிடந்தது. அந்த இடத்தின் கதவு ஒரு நாள் பிறர் கைக்கு எட்டியது. நோக்கம் தூயதாக இருந்தால் போதும் என்று வாதிடுவோர்க்கு இந்நிகழ்ச்சி தக்க விடை. கொடுக்கப்பட்ட ஆற்றல் கொடுத்தவர் கையிலேயே என்றும் தங்கியிருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. ஆற்றலைக் குறைவாகக் கொடுப்பதே உறுதி.

மறுப்புரைகள்

இனி, எதிர்வாதம் செய்வார் கூற்றுகளையும் ஆராய்தல் நடுநிலைமையாகும்.

‘பிள்ளைகளைத் தீய பக்கங்களிலிருந்து காக்க வேண்டாமா?’ என்பர். காக்கவே வேண்டும். ஆயினும் அதற்குத் திரையை எட்டிப் பார்க்க வேண்டுவதில்லை. பள்ளி வலையமைப்பின் வாயிலிலேயே தகாத பக்கங்களைத் தடுத்துவிடலாம். பள்ளிக்கு மதில் கட்டுவது வேறு. ஒவ்வொரு பிள்ளையின் பின்னாலும் ஓர் ஆளை அனுப்புவது வேறு.

‘ஆசிரியர் தம் மேசையிலிருந்தே முப்பது திரைகளையும் பார்க்க முடிந்தால் வகுப்புக் கட்டுப்பாடு எளிதாகுமே’ என்பர். எளிதாவது கட்டுப்பாடு, கற்பித்தல் எளிதாவதில்லை. பத்து நிமிடம் எழுத்தொன்றும் விழாத வெற்றுத் திரையைப் பதிவேடு ‘செயலற்ற நிலை’ எனக் குறிக்கும். கட்டுரைக்கு முதல் வரி தேடிச் சாளரத்தின் வழியே ரப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையும் அக்கணக்கில் செயலற்றவனே. வரிசைகளுக்கிடையே நடந்து செல்லும் ஆசிரியர் பிள்ளையின் முகத்தைக் காண்கிறார். அவன் மயங்குகிறானா, சிந்திக்கிறானா, பசியோடிருக்கிறானா என அறிகிறார். மேசையில் அமர்ந்தவர் முப்பது திரைகளைக் கண்டும் ஒரு பிள்ளையைக் காணாமற் போகலாம்.

‘வள்ளுவரே ஒற்றாடலுக்கு ஓர் அதிகாரம் வகுத்திருக்கிறாரே, தன்னிடம் வினை செய்வோரையும் சுற்றத்தாரையும்கூட ஒற்றால் ஆராய வேண்டும் என்றாரே’ என வினவுவோர் உண்டு. வலிமையான வினாவே இது. இதற்கு இரண்டு விடைகள் உள. முதலாவது, அவ்வதிகாரம் பொருட்பாலில் அரசியலில் அமைந்தது, நாடாள்வானுக்குக் கூறியது. ஆசிரியன் அரசனும் அல்லன். மாணவன் பகைவனும் அல்லன். இரண்டாவது, அதிகார வைப்புமுறை. 59-ஆம் அதிகாரம் ஒற்றாடல். அதற்கு முன்னுள்ள 58-ஆம் அதிகாரம் கண்ணோட்டம்; கண் சென்ற இடத்தில் இரக்கமும் உடன் செல்லுதல். அரசனுக்கே முதலில் கண்ணோட்டத்தைக் கற்பித்துவிட்டுப் பின்னரே ஒற்றை அவன் கையில் கொடுக்கிறது அந்நூல். நம் காலத்துக் கருவிகள் முதலதிகாரத்தைப் படிக்காமல் இரண்டாவதற்குத் தாவியுள்ளன.

‘சட்டம் காக்குமே’ என்பர். மலேசியாவில் 2010-இல் இயற்றப்பட்டு 2013-இல் நடைமுறைக்கு வந்த தனியார் விவரப் பாதுகாப்புச் சட்டம், கூட்டரசையும் மாநில அரசுகளையும் கட்டுப்படுத்தாது. சிங்கப்பூரின் 2012-ஆம் ஆண்டுச் சட்டமும் பொது அமைப்புகளுக்குப் பொருந்தாது. அவற்றுக்கு 2018-இல் வேறு சட்டம் வகுக்கப்பட்டது. ஆகவே சட்டம் பார்த்துக்கொள்ளும் என அரசாங்கப் பள்ளிகள் வாளா இருந்துவிடுதல் தகாது. எல்லைக்கோட்டைப் பள்ளியே வரைந்துகொள்ள வேண்டும்.

செய்ய வேண்டுவன

குறை கூறுவதோடு நின்றுவிடின் திறனாய்வு முற்றுப்பெறாது. ஆதலின் சொல் குறித்தும் செயல் குறித்தும் சில கருத்துகளை முன்வைக்கின்றேன்.

முதலில் சொல். ஒரே சொல்லால் சுட்டப்படும் மூன்று செயல்களுக்கு மூன்று சொற்கள் வழங்குவோம். கருவியின் நிலையைக் கேட்டறிவது ‘நலனறிதல்’. கருவிக்கு ஆணையிட்டு மாற்றுவது, பூட்டுவது, அழிப்பது ‘கருவியாட்சி’. கருவியைப் பயன்படுத்தும் மனிதரின் செயலைப் பார்ப்பது ‘ஒற்று’. கடைசிச் சொல் காதுக்குக் கசக்கலாம். கசக்கட்டும், செய்கின்ற செயலின் பெயரை வாயால் சொல்லக் கூசுபவர், செய்யுமுன் ஒருமுறை தயங்குவார். ‘மாணவர் கருவிகளில் ஒற்று ஏற்படுத்துக’ என எழுதிக் கையெழுத்திடத் துணிவார் எத்தனை பேர்?

அடுத்து, செயல். ஏற்பாடு எதனையும் பொருத்துமுன் தலைமையாசிரியர் ஐந்து வினாக்களைக் கேட்டு, விடையை எழுத்தில் பெற்று வைத்தல் நன்று. பதிவேட்டில் இருக்கப்போவது கருவியின் பெயரா, பிள்ளையின் பெயரா? கேட்கும் உரிமை மட்டும் போதாதா; ஆணையிடும் உரிமை எதற்கு வேண்டும், அது யார் கையில் இருக்கும்? பதிவு எத்தனை நாளைக்குப் பின் அழிக்கப்படும்? பள்ளி நேரம் முடிந்து கருவி வீட்டுக்குச் சென்றபின் இந்தக் கண் மூடிக்கொள்ளுமா? என்ன பார்க்கப்படுகின்றது என்பது பிள்ளைக்கும் பெற்றோர்க்கும் அவர்கள் அறிந்த மொழியில் சொல்லப்பட்டுள்ளதா? இவற்றோடு, எச்சரிக்கை எதுவாயினும் மற்றொரு சான்றால் உறுதிப்படாமல் எந்தப் பிள்ளையையும் விசாரணைக்கு அழைப்பதில்லை என்னும் விதியையும், மாணவரின் பாடக்குறிப்புகளுக்குச் செயலியின் ஆட்சிக்கு அப்பாற்பட்ட ஓரிடத்தில் படி ஒன்று வைக்கும் வழக்கத்தையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இவ்வினாக்களைக் கேட்கக் கணினிப் பொறியியல் கற்றிருக்க வேண்டியதில்லை. சொற்பொருள் பிரித்தறியும் பயிற்சி போதும். அப்பயிற்சியே நம் தொழில். கங்காணியின் எண்ணிக்கைக்குள் நம் முன்னோர் ஒரு காலத்தில் தலைகளாக நின்றனர். அவர்தம் பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரர்களும் இன்று நம் வகுப்பறைகளில் திரைக்கு முன் அமர்ந்திருக்கின்றனர். அவர்களை மீண்டும் எண்ணிக்கையாக்கும் ஏற்பாடு நம் பள்ளிக்குள் வருமாயின், அதனை வாயிலிலேயே நிறுத்தி வினவும் கடமை நம்முடையது.

மேலே கூறிய மூன்று சொற்களும் முடிந்த முடிபல்ல. இவற்றினும் பொருத்தமானவை ஆசிரியப் பெருமக்களிடம் இருக்கலாம். அவற்றை இப்பகுதிக்கு எழுதி உதவுவார்களாக. சொல் எதுவாயினும் ஆகுக. நலம் கேட்பதும் வேவு பார்ப்பதும் இனி ஒரே பெயரில் வழங்காதிருத்தல் வேண்டும்.